நிறைய எழுதுகிறவருக்கு வாசகர் என்ன சொல்லலாம்?

கேள்வி இது: "இணையத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று சிறுகதை எழுதும் ஒருவரைச் சில வருடங்களாக விடாமல் வாசிக்கிறேன். 'அருமை', 'நெகிழ்ந்துவிட்டேன்' என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. வேறு என்ன சொல்வது? இப்படி எழுதிக் குவிப்பவரைப் பாராட்டிக்கொண்டே இருந்தால் தரம் குறைந்துவிடாதா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கதை, அதில் எந்த இடம், அந்த இடம் உங்களை என்ன செய்தது என்று எழுதுங்கள். நிறைய எழுதுகிறவருக்கு வாசகர் தரக்கூடியவற்றில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

நிறைய எழுதுகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒரு கதையை முடித்த மறுநாளே அடுத்த கதை மனதில் ஏறி உட்கார்ந்துவிடும். நேற்று எழுதியது எப்படி வந்தது என்று நின்று பார்க்க நேரம் இருக்காது. நேரம் இருந்தாலும் அவர்களால் பார்க்க முடியாது. சிலருக்குக் கடைசியாக எழுதியதுதான் எப்போதும் சிறந்ததாகத் தெரியும். சிலருக்கு எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். நான் சில காலம் ஒரு மாத இதழில் வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் வேலையில் இருந்தேன். எழுத்தாளர்கள் அலுவலகத்துக்கு வந்தால் அந்தக் கடிதக் கட்டைத்தான் முதலில் கேட்பார்கள். பொதுவான பாராட்டுகளை வேகமாகப் புரட்டிக்கொண்டே போவார்கள். எங்காவது தங்கள் பாத்திரம் ஒன்றின் பெயரோ, கதையில் வந்த ஒரு சின்னப் பொருளோ கண்ணில் பட்டால் அங்கே நின்றுவிடுவார்கள். அந்தக் கடிதத்தை மட்டும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்புவார்கள்.

உலகச் சிறுகதை வரலாற்றிலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1880களின் தொடக்கத்தில் ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவ் மாஸ்கோவில் மருத்துவ மாணவர். குடும்பச் செலவு முழுக்க அவர் தலையில். அதனால் நகைச்சுவை வார இதழ்களுக்கு எழுதித் தள்ளினார். பீட்டர்ஸ்பர்க் இதழ் ஒன்றின் ஆசிரியர் லெய்கின், கதை நூறு வரிக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடே வைத்திருந்தார். செகாவ் அந்த நூறு வரிக்குள் எழுதினார். சொந்தப் பெயரைக்கூடப் போடாமல் அந்தோஷா செகோந்தே என்ற புனைபெயரில் எழுதினார். மருத்துவத்தைத்தான் தன் உண்மையான தொழிலாக நினைத்தார். கதைகளை அவரே பெரிதாக மதிக்கவில்லை.

1886 மார்ச்சில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கிரிகோரோவிச். அறுபதைத் தாண்டிய மூத்த எழுத்தாளர். நாற்பது வருடங்களுக்கு முன்பு தஸ்தயேவ்ஸ்கியின் முதல் நாவலைக் கையெழுத்துப் பிரதியாகவே எடுத்துக்கொண்டு போய்ப் பதிப்பாசிரியரிடம் கொடுத்ததும் இதே மனிதர்தான். அவர் செகாவுக்கு என்ன எழுதினார்? செகோந்தே என்ற பெயரில் வந்த கதை ஒன்றை ஒரு பத்திரிகையில் படித்ததைச் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பெயரில் வரும் கதைகளைத் தேடித்தேடிப் படிப்பதாகச் சொன்னார். மனிதர்களையும் இயற்கையையும் காட்டுவதில் உள்ள துல்லியத்தைக் குறிப்பிட்டுச் சொன்னார். அதன்பிறகுதான், அவசர அவசரமாக எழுதுவதை நிறுத்துங்கள், உங்கள் திறமையை நீங்களே மதியுங்கள் என்றார்.

செகாவின் பதிலைப் படித்தால் இன்றைக்கும் மனம் இளகும். அந்தக் கடிதம் மின்னல்போலத் தன்னைத் தாக்கியதாக எழுதுகிறார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதாக நினைவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். உங்களுக்குப் பிடித்த 'வேட்டைக்காரன்' கதையைக்கூடக் குளிக்கப் போன இடத்தில் உட்கார்ந்து எழுதினேன் என்கிறார். அதற்குப் பிறகு என்ன ஆனது என்பது வரலாறு. கதைகளின் எண்ணிக்கை குறைந்தது, நீளமும் ஆழமும் கூடின. 1887இல் வந்த 'அந்தியில்' தொகுப்பைக் கிரிகோரோவிச்சுக்கே சமர்ப்பித்தார். அடுத்த வருடம் அந்தத் தொகுப்புக்குப் புஷ்கின் பரிசு கிடைத்தது.

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 'நிறைய எழுதாதே' என்ற அறிவுரையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. செகாவ் அதுவரை எழுதியிருந்த நூற்றுக்கணக்கான கதைகளுக்குள் கையை விட்டு, 'இது' என்று ஒன்றை ஒருவர் வெளியே எடுத்துக் காட்டினார். செகாவுக்கே தெரியாமல் குளியல் இடத்தில் பிறந்த ஒன்று அது. அறிவுரை கேட்டதால் மட்டும் யாரும் மாறிவிடுவதில்லை. தன் எழுத்தை இவ்வளவு கவனமாக ஒருவர் படித்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு சொல்லப்படும் அறிவுரைதான் உள்ளே போகிறது.

சரி, நிறைய எழுதினால் தரம் குறையுமா என்ற கேள்விக்கு வருவோம். குறைந்தே தீரும் என்று நான் நம்பவில்லை. புதுமைப்பித்தன் 42 வயதில் இறந்தவர். ஏறத்தாழ நூறு கதைகள் எழுதியிருக்கிறார், அவற்றில் பெரும்பகுதி சுமார் பன்னிரண்டு வருடங்களுக்குள் வந்தவை. பத்திரிகை வேலைக்கு நடுவில், பணமுடைக்கு நடுவில், அவசரத்தில் எழுதியவை பல. அதே வேகத்தில்தான் தமிழின் மிகச் சிறந்த கதைகளில் சிலவும் பிறந்தன. எழுதும் கை சூடாக இருக்கும்போது சில கதைகள் தாமாக வருகின்றன. ஒரு கதையையே இரண்டு வருடம் இழைத்துக்கொண்டிருப்பவருக்கு வேறு வகைக் கதை கிடைக்கும். இரண்டும் வேண்டும்தான்.

நிறைய எழுதினால் நல்லதும் சுமாரானதும் கலந்து கிடக்கும் என்பது மட்டும் உண்மை. முன்பெல்லாம் பத்திரிகை ஆசிரியர் அதைப் பிரித்துப் பார்த்தார். ஒரு வார இதழில் ஒரு கதைக்குத்தான் இடம் இருக்கும். பத்து கதை வந்தால் ஒன்பது திரும்பிப் போகும். திருப்பி அனுப்பும்போது சில ஆசிரியர்கள் ஏன் என்று இரண்டு வரி எழுதுவார்கள். அந்த இரண்டு வரியில் எழுதப் பழகியவர்கள் உண்டு. இணையத்தில் இடப் பற்றாக்குறை இல்லை, காத்திருப்பு இல்லை, திரும்பி வருவதும் இல்லை. காலையில் தோன்றியது மாலையில் வாசகர் கைபேசிக்கு வந்துவிடுகிறது. இது பெரிய சுதந்திரம், நான் அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் ஆசிரியர் செய்துகொண்டிருந்த வேலை மறைந்துவிடவில்லை, அது வாசகரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உங்களை மாதிரி எல்லாக் கதைகளையும் தொடர்ந்து படித்தவர்கள்தான் இனி அதைச் செய்ய முடியும்.

தமிழில் இது பெரிய அளவில் நடந்ததை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்காக எழுத்தாளர் ஜெயமோகன் தன் இணையதளத்தில் சிறுகதைகள் எழுதத் தொடங்கினார். புனைவுக் களியாட்டு என்று அதற்குப் பெயர். நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்துகொண்டிருந்த கதைகள் சில மாதங்களில் நூறை எட்டின. இதற்கு இணையாகவே, 2014 ஜனவரியில் தொடங்கிய 'வெண்முரசு' மகாபாரத நாவல் வரிசையின் கடைசி நாவல்களும் வந்து, அந்த ஜூலையில் 26ஆவது நாவலுடன் முடிந்தன. எல்லாமே இலவசம்.

அந்த நூறு கதைகளும் ஒரே நிறத்தில் இருந்திருந்தால் வாசகர்கள் பத்தாவது கதையிலேயே களைத்திருப்பார்கள். யானை ஒன்று வீட்டுக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும் வேடிக்கை ஒரு நாள் வரும். தொலைபேசித் துறையின் கோபுரத்தில் ஏறுபவர்களின் வாழ்க்கை இன்னொரு நாள். ஔசேப்பச்சன் என்ற ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி நண்பர்களோடு உட்கார்ந்து பழைய வழக்கு ஒன்றைச் சொல்லத் தொடங்குவார், கேரளத்து மாப்பிளா முஸ்லிம்களின் கடல் வணிக வரலாறு அதற்குள் விரியும். 'மாயப்பொன்' கதையில் காட்டுக்குள் சாராயம் காய்ச்சும் நேசையன், மாசே இல்லாத ஒரு சொட்டுக்காகத் தவம் கிடப்பான். குற்றம் என்று நாம் ஒதுக்கும் ஒரு தொழிலில் ஒரு கலைஞனின் மொத்தத் தேடலையும் வைத்த கதை அது. நூறில் எனக்கு ஒன்றுதான் மிஞ்சும் என்றால் அதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

அந்த மாதங்களில் வாசகர் கடிதங்களும் கதைகளுக்கு இணையாக வெளிவந்தன. நான் கதையைப் படித்துவிட்டு, மறுநாள் கடிதங்களைப் படித்துவிட்டு, திரும்பவும் கதைக்குப் போவேன். நான் கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு வரியை இன்னொருவர் பிடித்திருப்பார். நான் முடிவென்று நினைத்தது தொடக்கத்திலேயே சொல்லப்பட்டிருப்பதை வேறொருவர் காட்டியிருப்பார். ஒருவருடைய பாராட்டு இன்னொருவருக்கு வாசிப்புப் பயிற்சி ஆனது. எழுத்தாளரை மகிழ்விப்பதோடு பாராட்டின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை எனக்குக் காட்டியது அந்தக் காலம்தான். நீங்கள் எழுதும் நாலு வரி, கதையைப் படித்து 'ஒன்றும் புரியவில்லையே' என்று விட்டுப்போன இன்னொரு வாசகரைத் திரும்ப அழைத்து வரலாம்.

அதற்கு ஒன்பது வருடங்களுக்கு முன்பு, 2011இல், இதே எழுத்தாளரின் 'அறம்' வரிசைக் கதைகள் இணையத்தில் வந்தபோதும் இப்படி ஓர் அலை எழுந்தது. உண்மையில் வாழ்ந்த மனிதர்களை வைத்து எழுதப்பட்டவை அவை. 'யானை டாக்டர்' கதை, காட்டு யானைகளுக்காக வாழ்ந்த கால்நடை மருத்துவர் கிருஷ்ணமூர்த்தியைப் பற்றியது. சுற்றுலா போகிறவர்கள் காட்டுக்குள் வீசிவிட்டு வரும் பீர் பாட்டிலின் உடைந்த சில்லு யானையின் காலில் ஏறி, அது அங்குலம் அங்குலமாகச் சாவதை அந்தக் கதையில் படித்தவர்கள் மறக்க முடியாது. வாசகர்கள் அந்தக் கதையைப் பாராட்டியதோடு நிற்கவில்லை. தனிச் சிறு நூலாக அச்சிட்டு இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு சிறுகதைக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்க முடியும்?

இப்போது நீங்கள் எப்படி எழுதலாம் என்பதற்கு வருகிறேன். அதே வரிசையில் 'சோற்றுக்கணக்கு' என்று ஒரு கதை. திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கெத்தேல் சாகிப் என்பவரின் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டுக்கு விலை கிடையாது. ஓர் உண்டியல் இருக்கும், முடிந்ததைப் போடலாம், போடாமலும் போகலாம். பசியோடு படித்துக்கொண்டிருக்கும் ஓர் ஏழை இளைஞன் அங்கே வயிறாரச் சாப்பிடுகிறான். இந்தக் கதைக்கு ஒருவர், "கண் கலங்கிவிட்டது ஐயா, மனிதநேயம் இன்னும் சாகவில்லை என்று காட்டிவிட்டீர்கள்" என்று எழுதலாம். பொய் இல்லை, மனதில் இருந்து வந்ததுதான். ஆனால் இதே வரியை வேறு ஆயிரம் கதைகளுக்கும் எழுதிவிட முடியும்.

இன்னொருவர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்: "அவன் சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் கொண்டுவந்து உண்டியலில் போடுகிறான். சாகிப் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறான். அவர் எப்போதும்போலப் பரிமாறிக்கொண்டே இருக்கிறார். அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. ஒரு சிரிப்பாவது சிரித்திருக்கலாமே என்று பட்டது. இரண்டு நாள் கழித்துத்தான், அவர் சிரித்திருந்தால் அது கணக்குத் தீர்ந்ததாக ஆகியிருக்கும் என்று தோன்றியது. சின்ன வயதில் எனக்குச் சோறு போட்ட ஒரு பெரியம்மாவுக்கு நான் புடவை எடுத்துக் கொடுத்தபோது அவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், 'சாப்பிட்டியா' என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வருத்தம். இன்றைக்குத்தான் புரிகிறது."

இந்தக் கடிதத்தில் 'அருமை' என்ற சொல்லே இல்லை. ஆனாலும் எழுதியவர் இதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார். காரணம், தான் சொல்லாமல் விட்ட இடத்தை ஒருவர் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறார் என்று அவருக்குத் தெரிகிறது. சிறுகதை எழுதுகிறவர் விட்டுவைக்கும் இடைவெளிதான் அவருடைய பெரிய பந்தயம். அது வாசகரிடம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதை அவருக்குச் சொல்ல உங்களைத் தவிர ஆள் கிடையாது. உங்களுக்கு இலக்கியக் கோட்பாடு தெரிய வேண்டியதில்லை. முதல் வாசிப்பில் எங்கே தடுக்கியது, எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், மறுநாள் எது நினைவுக்கு வந்தது என்று சொன்னாலே போதும்.

உங்கள் தொழில் தெரிந்த விஷயம் கதையில் வந்தால் கட்டாயம் எழுதுங்கள். கதையில் தறி ஓடினால் தறி ஓட்டியவர் சொல்வதற்கும் மற்றவர் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. செவிலியர், லாரி ஓட்டுநர், ரேஷன் கடை ஊழியர், யாராக இருந்தாலும் தங்கள் வேலை கதையில் சரியாக வந்திருக்கிறது என்று சொல்லும்போது எழுத்தாளருக்கு வரும் தைரியம் வேறு எதிலும் வராது. தவறாக வந்திருந்தால் அதையும் சொல்லலாம். அதைத் தனிமடலில் சொல்லுங்கள். எழுத்துப்பிழையும் அப்படித்தான். வேகமாக எழுதுகிறவர்களிடம் பிழை இருக்கும். கதை வெளியான முதல் மணி நேரத்தில் யாரோ ஒருவர் அமைதியாகச் சுட்டிக்காட்டினால் அடுத்து வரும் வாசகர்கள் எல்லோருக்கும் நல்ல பிரதி கிடைக்கும். பொதுவில் பத்துப் பேர் பார்க்கப் பிழையைப் பிடிப்பது எனக்கு உவப்பாக இல்லை.

கோபமும் பாராட்டில் சேர்த்தியா என்றால், சேர்த்திதான். 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' வந்தது. மழை நாளில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி விஷயத்தை அத்தோடு முடிக்கிறாள். வாசகர்கள் கொந்தளித்துப் போனார்கள். எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. அந்தக் கோபத்துக்கு ஜெயகாந்தன் ஒரு நாவலாலேயே பதில் சொன்னார். அம்மா அப்படிச் செய்யாமல் ஊருக்குத் தெரியும்படி விட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்பதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. நாவலுக்குள்ளேயே அந்தச் சிறுகதையும் அதை எழுதிய எழுத்தாளரும் வருகிறார்கள். 1972இல் அதற்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 'நல்லா இருக்கு சார்' என்று மட்டும் எல்லோரும் எழுதியிருந்தால் அந்த நாவல் பிறந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதனால் ஒரு கதை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். இத்தனை வருடம் படித்தவர் என்ற உரிமை உங்களுக்கு இருக்கிறது. "போன மாதம் வந்த கதையின் அதே முடிவு இதிலும் வந்துவிட்டது", "உரையாடலில் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள். நிறைய எழுதுகிறவர்களுக்கு வரும் உண்மையான நோய், தன்னைத்தானே திரும்பச் சொல்வது. அது அவர்களுக்குத் தெரியாது, தொடர் வாசகருக்குத்தான் முதலில் தெரியும். 'முன்புபோல இல்லை' என்று மொத்தமாகச் சொல்வது மட்டும் வேண்டாம். கேட்பவர் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது, மனம்தான் உடையும்.

வேறு சில பழக்கங்களும் எனக்கு உறுத்தல். கதை வந்த அன்றே "அடுத்தது எப்போ?" என்று கேட்பது. கதை முழுவதையும் சுருக்கித் திரும்ப எழுதி அனுப்புவது. "இது உங்கள் சொந்த அனுபவமா?" என்று துருவுவது, முக்கியமாக எழுதுகிறவர் பெண்ணாக இருந்தால். பெண்கள் எழுதும் கதைக்கு அந்தக் கேள்வி வரும் வேகமே தனி. பலர் அந்தப் பயத்திலேயே சில விஷயங்களைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். அப்புறம், பாராட்டின் இரண்டாம் பத்தியிலேயே தன் கதையை இணைத்து அனுப்பிக் கருத்துக் கேட்பது. அது பாராட்டையே சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

எழுதிக் காட்ட வராது என்றால் வாசித்துக் காட்டலாம். ரசிகமணி டி.கே.சி. கவிதைக்குச் செய்தது அதைத்தான். திருநெல்வேலியில் தன் வீட்டில் வட்டத்தொட்டி என்று அழைக்கப்பட்ட முற்றத்தில் நண்பர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு ஒரு கம்பன் பாட்டை எடுப்பார். நிறுத்தி, திரும்பச் சொல்லி, எந்த இடத்தில் உணர்ச்சி ஏறுகிறது என்று காட்டிக்காட்டிச் சொல்வார். பிறர் எழுதியதை ரசித்துச் சொன்னதற்காகவே ஒருவரை நாம் இவ்வளவு காலம் கொண்டாடுகிறோம் என்றால், ரசனைக்குத் தமிழில் எவ்வளவு பெரிய இடம் இருக்கிறது பாருங்கள். எங்கள் ஊரில் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஒரே ஒரு கதை. ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், பிறகு பேச்சு. கைபேசியில் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்த கதையைக் காதால் கேட்கும்போது அது வேறு கதையாகவே இருக்கிறது. எழுத்தாளர் வெளியூர்க்காரர் என்றால் அந்தப் பேச்சைப் பதிவுசெய்து அவருக்கு அனுப்புங்கள். முன்பின் தெரியாத பத்துப் பேர் தன் பாத்திரத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்பது எழுதுகிறவருக்குப் பெரும் கொடை.

ஒருவர் மேல் உள்ள பிரியம் அவரோடு நின்றுவிடாமல் மற்ற எழுத்தாளர்களுக்கும் போக முடியும். ஜெயமோகனின் வாசகர்கள் சேர்ந்து அமைத்த விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் 2010இலிருந்து மூத்த படைப்பாளிகளுக்கு விருது கொடுத்து வருகிறது. முதல் விருது ஆ. மாதவனுக்கு. திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்துக்கொண்டே அந்தக் கடைத்தெருவின் சுமைகூலிகளையும் சில்லறை வியாபாரிகளையும் கதையாக எழுதியவர் அவர். சாகித்ய அகாதமி விருது 2015இல்தான் வந்தது. தொடர்ந்து பூமணி, தேவதேவன், தெளிவத்தை ஜோசப், ஞானக்கூத்தன் என்று வரிசை போகிறது. வாசகர்கள் தங்கள் கைக்காசில் இதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உங்கள் எழுத்தாளரைப் பாராட்டும்போது, "உங்கள் கதை வழியாக இன்னாரைத் தேடிப் படித்தேன்" என்று சொல்லிப் பாருங்கள். நல்ல எழுத்தாளர் அதைக் கேட்டு மகிழ்வார்.

இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகிறவர்களையும் நான் வாசகர்கள் வரிசையில்தான் வைப்பேன். ஒரு கதையை மொழிபெயர்ப்பவரைவிட நெருக்கமாக அதைப் படித்தவர் யாரும் இருக்க முடியாது. ஜெயமோகனின் 'பெரியம்மாவின் சொற்கள்' கதையைச் சுசித்ரா ராமச்சந்திரன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், 2017இல் ஒரு சர்வதேச மொழிபெயர்ப்புப் போட்டியில் அதற்குப் பரிசு கிடைத்தது. 'அறம்' கதைகள் பிரியம்வதா ராம்குமார் மொழிபெயர்ப்பில் 2022இல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தன. உங்களுக்கு மலையாளமோ கன்னடமோ ஆங்கிலமோ நன்றாக வரும் என்றால், அனுமதி கேட்டுவிட்டு ஒரே ஒரு கதையை முயன்று பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் இதைப் பேசக் கூச்சப்படுகிறோம். இணையத்தில் இலவசமாகப் படித்த கதை புத்தகமாக வந்தால் வாங்குங்கள். ஏற்கெனவே படித்ததுதானே என்று நினைக்க வேண்டாம். தமிழில் சிறுகதைத் தொகுப்பின் விற்பனை மிகச் சிறியது. ஒரு பதிப்பு இருநூறு முந்நூறு பிரதி என்ற நிலையில்கூடப் புத்தகங்கள் அச்சாகின்றன. அங்கே உங்களைப் போன்ற ஐம்பது பேர் வாங்குவது பதிப்பாளருக்குத் தெளிவாகக் கண்ணில் படும். ஒன்று உங்களுக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு என்று வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, உங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. சில வருடங்களாக எல்லாக் கதைகளையும் படித்திருக்கிறீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, பழைய பக்கங்களைப் பார்க்காமல், நினைவில் இருக்கும் கதைகளை மட்டும் எழுதுங்கள். தலைப்பு மறந்திருந்தால் "ரயிலில் தலையணை விற்கிறவன் கதை" என்ற மாதிரி எழுதினால் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரில், ஏன் நினைவில் நின்றது என்று ஒரு வரி. பிறகு இணையத்தில் தேடித் தலைப்பையும் தேதியையும் சேருங்கள். இணையத்தில் எழுதியது நிலையானது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தளங்கள் மூடப்படுகின்றன, சந்தா கட்ட மறந்துபோகிறது, ஒரு நாள் பக்கமே திறப்பதில்லை. பலர் பிரதிகூட வைத்துக்கொள்வதில்லை. அந்தக் கதைகள் உங்கள் கணினியிலும் ஒரு பிரதி இருக்கட்டும். பட்டியல் தயாரானதும் அவருக்கு அனுப்பி, "இவை எனக்குள் தங்கிய கதைகள், தொகுப்புப் போடும்போது இவற்றைப் பாருங்கள்" என்று எழுதுங்கள். இருபது கதை தேறினாலே ஒரு புத்தகத்துக்குப் போதும். உங்களைப் போல இன்னும் இரண்டு மூன்று தொடர் வாசகர்களைத் தெரியும் என்றால் அவர்களையும் தனித்தனியாகப் பட்டியல் போடச் சொல்லுங்கள். எல்லாப் பட்டியலிலும் வரும் கதைகள் எவை, ஒன்றே ஒன்றில் மட்டும் வரும் கதைகள் எவை என்று அவரே பார்த்துக்கொள்வார்.